கொய்யாவை வெட்டிய கையால் மாதுளையை வெட்டாதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு பழமரத்துக்குத்தான் இடம் இருக்கிறது, கொய்யா வைக்கலாமா மாதுளை வைக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எந்தப் பழம் பிடிக்குமோ அதை வையுங்கள். இரண்டுமே சின்ன மரம், இரண்டுமே எந்த மண்ணிலும் வரும், இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான்." சின்ன மரம் என்பது சரி. எந்த மண்ணிலும் என்பதும் முக்கால்வாசி சரி. பராமரிப்பு ஒன்றுதான் என்கிற கடைசித் துண்டுதான் நெருடுகிறது. நாலு வருடமாகியும் காய்க்காத மாதுளையை அருகில் போய்ப் பார்த்தால் பல நேரம் வெயில், எரு, தண்ணீர் எதிலும் குறை இருக்காது. ஆனால் வருடா வருடம் சுற்றிலும் கிராப்பு வெட்டினாற்போல் நுனிகளை நறுக்கி வைத்திருப்பார்கள். கொய்யாவுக்கு அது மருந்து. மாதுளைக்கு, அடுத்த வருடக் காய்ப்பை முன்கூட்டியே அறுத்துக் குப்பையில் போடுவது.

காரணம் எளிமையானது. கொய்யா அந்தந்தப் பருவத்தில் புதிதாக விடும் தளிரில்தான் பூக்கும். முதிர்ந்த கிளையின் நுனியை 10 முதல் 15 செ.மீ. வெட்டினால், கீழே தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்து இரண்டு மூன்று தளிர்கள் கிளம்பும். அந்தத் தளிரின் முதல் நாலைந்து ஜோடி இலைகளுக்குள்ளேயே இலைக் கக்கத்தில் பூமொட்டு வந்துவிடும். வெட்டாத கொய்யா உயரத்தில் மட்டும் தளிர்விட்டு, உயரத்தில் மட்டும் காய்த்து, அணிலுக்கும் வௌவாலுக்கும் விருந்து வைக்கும். மாதுளையின் நல்ல பூக்களோ பெரும்பாலும் முந்தைய வருடங்களின் முதிர்ந்த கட்டையிலிருந்து கிளம்பும் குட்டைச் சிம்புகளில் வருபவை. விரல் நீளம் கூட இருக்காத அந்தச் சிம்புகள் பார்ப்பதற்கு உபயோகமில்லாத முட்களைப் போலத்தான் தெரியும். ஒரே சிம்பு மூன்று நாலு வருடம் தொடர்ந்து காய் கொடுக்கும். அழகுக்காக அதை வழித்தெடுத்தால் மரம் பதிலுக்கு நெடுநெடுவென்று போத்துகளை விடும். அதில் இலையும் முள்ளும் இருக்கும், பூ இருக்காது.

ஆகவே கொய்யாவுக்குக் கவாத்து நடவு செய்த ஆண்டிலேயே தொடங்குகிறது. கன்று இரண்டரை அடி தாண்டியதும் 60–70 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டு, நாலு திசைக்கும் போகும் மூன்று நாலு கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒன்றரை இரண்டு அடி வளர்ந்ததும் பாதியாக வெட்டினால் அடுத்த சுற்றுக் கிளைகள் வரும். இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் கைக்கெட்டும் உயரத்தில் குடை மாதிரி ஒரு மரம் கிடைக்கும். அதன்பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் பின்னால் காய்த்த கிளைகளின் நுனிகளைக் குறைத்தால் போதும். வெட்டத் தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செங்குத்தாகப் போகும் கிளையை வளைத்து, தரையில் அடித்த முளையோடு கயிறு கட்டிச் சாய்த்து வைத்தால், வளைந்த கிளையின் மேல்பக்கம் நெடுகத் தளிர்கள் வெடித்துப் பூக்கும். கிளை ஒடியாமல் இருக்கப் பென்சில் பருமனைவிடச் சற்றே தடித்த, இன்னும் வளையக்கூடிய கிளைகளைத்தான் எடுக்க வேண்டும். கயிறு பட்டையில் இறங்காதபடி அடியில் பழைய துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

மாதுளைக்கு ஒற்றைத் தண்டும் குடையும் தேவையில்லை. அது இயல்பில் புதர். தரையிலிருந்தே மூன்று அல்லது நாலு தண்டுகளை வைத்து வளர்ப்பது நல்லது. தண்டைத் துளைக்கும் பூச்சி ஒரு தண்டைச் சாய்த்தாலும் மீதி பிழைத்திருக்கும். தூரிலிருந்து ஓயாமல் கிளம்பும் பக்கக் கன்றுகளை மாதம் ஒருமுறை அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் இரண்டாகத் தழைக்கும், பிய்த்தால் அடங்கும். அறுவடைக்குப் பிறகு காய்ந்தது, உள்நோக்கி வளர்வது, ஒன்றன்மேல் ஒன்று உரசுவது ஆகிய மூன்றை மட்டும் நீக்கிவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். கை அரித்தால் கொய்யாவிடம் போகலாம்.

மணிப் பூவும் குடப் பூவும்

மாதுளை வளர்ப்பவர்களின் நிரந்தரப் புலம்பல், "செடி முழுக்கப் பூ, ஒரு காய் கூட நிற்கவில்லை" என்பது. உடனே யாராவது ஒரு வளர்ச்சி ஊக்கியைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள், அல்லது மோர் தெளிக்கச் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால் கீழே விழுந்த பூக்களில் ஒரு பத்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, காம்பை ஒட்டிய அடிப்பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். மாதுளையில் இரண்டு விதப் பூக்கள் உண்டு. ஒன்றின் அடிப்பகுதி சின்னக் குடம் மாதிரி உப்பியிருக்கும். உள்ளே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி நீண்டு மகரந்தப் பைகளின் உயரத்துக்கு நிற்கும். இதுதான் காயாகும் பூ. மற்றதன் அடிப்பகுதி காம்பை நோக்கிக் கூம்பிக் குறுகி, கவிழ்த்த மணியைப் போல இருக்கும். சூல்முடி குட்டையாகிப் புதைந்திருக்கும். அது ஆண் பூவின் வேலையை மட்டும் செய்யும் பூ, எதைத் தெளித்தாலும் காயாகாது, சில நாளில் உதிர்ந்தே தீரும். இரண்டுக்கும் நடுவே அரைகுறையாக ஒரு வகையும் வரும். அதில் காய் பிடித்தாலும் பல கோணலாகப் போகும்.

உள்ளங்கையில் இருக்கும் பத்தும் மணிப் பூக்கள் என்றால் செடிக்கு நோய் ஒன்றுமில்லை. அது உதிர்க்க வேண்டியதை உதிர்க்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு கேள்வியே மாறிவிடுகிறது. பூ ஏன் கொட்டுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, குடப் பூ ஏன் குறைவாக வருகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு விடைகள் உண்டு. செடி இளையதாக இருந்தால் முதல் இரண்டு வருடம் மணிப் பூக்களே மிகுதியாக வரும். அதற்கு மருந்து பொறுமை. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகிவிட்டால் செடி தழைப்பதில் கவனமாகிவிடும். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாரம் தவறாமல் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிழல் விழுந்தால், அதாவது நேர்வெயில் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால், கிடைக்கும் மாவுச்சத்து போதாமல் குடப் பூவின் பங்கு குறையும். காய்ப் பாரம் மிஞ்சிக் களைத்த மரத்திலும் அப்படியே. பருவத்தின் முதல் அலையில் வரும் பூக்களில் குடப் பூக்கள் ஓரளவு கூடுதலாக இருப்பதால் அந்த அலையைக் காப்பாற்றுவதில்தான் உழைக்க வேண்டும். கடைசி அலை போனால் போகட்டும்.

மணிப் பூக்களை வீண் என்று நினைக்கவும் வேண்டாம். தேனீ அதிகம் வராத பால்கனியிலோ உயரமான மாடியிலோ குடப் பூ இருந்தும் காய் பிடிக்காமல் போகும். காலை ஒன்பது மணிவாக்கில், அன்று புதிதாக விரிந்த மணிப் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அதன் மகரந்தக் கற்றையைக் குடப் பூவின் சூல்முடியில் மெல்லத் தேய்த்தால் போதும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் இதே வேலையைச் செய்யும். ஒரு மணிப் பூ நாலைந்து குடப் பூக்களுக்கு வரும். ஒரு கொத்தில் மூன்று பிஞ்சு நின்றால் இரண்டைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். கிள்ளாவிட்டால் மூன்றுமே எலுமிச்சை அளவில் நின்றுவிடும்.

கொய்யாவில் இந்தக் குழப்பமே இல்லை. ஒவ்வொரு பூவும் இருபாலும் கொண்டது, தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், தேனீ வந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். கொய்யாவில் நாம் கட்டுப்படுத்த வேண்டியது பூவின் காலத்தை. விண்பதியன் போட்ட கன்று, அதாவது மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்தெடுத்த கன்று, நட்ட சில மாதங்களிலேயே பூத்துக் காட்டும். அந்த உற்சாகத்துக்கு மயங்காமல் முதல் வருடப் பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். தண்டு பெருவிரல் பருமன் வருவதற்கு முன் காயைத் தாங்கிய கன்று, பிறகு வருடக்கணக்கில் சவலையாகவே நிற்கும்.

காற்றைப் பார்த்து முடிவெடுங்கள்

எது பிடிக்கும் என்ற கேள்வியைவிட, பழம் முற்றும் காலத்தில் உங்கள் காற்றில் எவ்வளவு ஈரம் என்ற கேள்வி முக்கியமானது. மாதுளையின் பூர்வீகம் ஈரான் முதல் இமயத்தின் வடமேற்குச் சரிவு வரையிலான வறண்ட நிலம். அது கேட்பது சுட்டெரிக்கும் வெயிலும் வறண்ட காற்றும். பழம் முற்றும் இரண்டு மாதம் அப்படி அமைந்தால் நிறமும் இனிப்பும் தானே ஏறும். கடலோர ஈரக்காற்றிலும் விடாத மழையிலும் செடி பச்சைப்பசேலென்று வளரும், ஆனால் பழம் வெளிறிப் புளிக்கும். இலையிலும் பழத்திலும் எண்ணெய் பட்டாற்போன்ற புள்ளிகள் தோன்றிக் கறுத்து வெடிக்கும். பாக்டீரியாவால் வரும் இந்த எண்ணெய்ப் புள்ளி நோய் மழைத்துளி தெறிப்பதாலேயே இலைக்கு இலை பரவும். கத்தரிக்கோலிலும் ஒட்டிக்கொண்டு பயணிக்கும். ஈரமான பருவத்தில் அதை விரட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். கொய்யா வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மழை, ஈரக்காற்று, சில நாள் தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். உறைபனியை மட்டும் தாங்காது. பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனாலே இளங்கன்று கருகிவிடும். மாதுளை அந்தக் குளிரில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் எழுந்துகொள்ளும். குளிர்நாட்டில் மொட்டையாக நிற்கும் மாதுளையைச் செத்துவிட்டது என்று பிடுங்கிவிட வேண்டாம். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரையும் களர் மண்ணையும் மாதுளை கொய்யாவைவிட நன்றாகவே தாங்கும்.

சத்துக் கணக்கு போட்டு மரம் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, மாதுளையில் அதில் இருபதில் ஒரு பங்குதான். உண்மைதான், ஆனால் காய்க்காத கொய்யாவில் ஒரு மில்லிகிராம் கூடக் கிடையாது.

கன்று வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் வேறு வேறு. கொய்யாவில் பதியன் அல்லது ஒட்டுக்கன்று வாங்குங்கள். விதைக்கன்று காய்க்க நாலைந்து வருடமாகலாம், பழமும் தாய்மரம் போல இருக்கும் என்ற உறுதியில்லை. பையை லேசாகக் கிழித்து வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அது மண்ணில் ஏறிவிட்டால் பிறகு அந்தத் தோட்டத்தில் தக்காளியும் கத்திரியும் கூடத் தப்பாது. பதியன் கன்றுக்கு ஆணிவேர் இல்லை என்பதால் காற்றடிக்கும் இடத்தில் முதல் இரண்டு வருடம் குச்சி கட்டியே ஆகவேண்டும். மாதுளைக்குக் குச்சிக்கன்றே போதும். முற்றிய பென்சில் பருமனான தண்டை 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நட்டால் வேர்விடும். கொய்யாத் தண்டை அப்படி நட்டால் பெரும்பாலும் காய்ந்துதான் போகும். மாதுளை வாங்கும்போது வேரைவிட இலையைப் பாருங்கள். மஞ்சள் வளையத்தோடு ஒரு கரும்புள்ளி இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குழி இரண்டுக்கும் ஒன்றுதான்: இரண்டடி நீளம், அகலம், ஆழம், மேல்மண்ணோடு மக்கிய எரு பத்து கிலோ, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. தொட்டி என்றால் ஒன்றரை அடி அகல ஆழத்துக்குக் குறையக் கூடாது. கலவையில் மட்டும் மாற்றம் வேண்டும். கொய்யாவுக்கு மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு. மாதுளைக்கு நார்க்கழிவு இருந்த இடத்தில் ஆற்றுமணலோ பொடிக் கல்லோ போடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் தொட்டியில் மாதுளையின் வேர் அழுகும்.

தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும்

மாதுளைப் பழம் வெடிப்பது பெரும்பாலும் பூச்சியாலோ நோயாலோ அல்ல, நம் தாராள மனசால். ஒரு வாரம் மறந்துவிட்டு, குற்றவுணர்ச்சியில் ஒரே நாளில் இரண்டு குடம் ஊற்றுவோம். காய்ந்த காலத்தில் தோல் இறுகி நீளும் தன்மையை இழந்திருக்கும். திடீரென்று வந்த தண்ணீரில் உள்ளே முத்துகள் உப்பும். தோல் பிளந்துகொள்ளும். பிஞ்சு எலுமிச்சை அளவைத் தாண்டியதிலிருந்து பறிக்கும் வரை மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். தினமும் கொஞ்சம், அல்லது இரண்டு நாளைக்கு ஒருமுறை அளவாக, மேலே இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. மழை வரப்போகிறது என்றால் முந்தின நாளே லேசாக நனைத்து வைப்பது நல்லது. போரான் குறைந்தாலும் வெடிப்பு வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ், பூக்கும் முன் ஒருமுறை, பிஞ்சில் ஒருமுறை. இதற்கு மேல் வேண்டாம், போரான் மிஞ்சினால் இலை ஓரம் கருகும்.

ஆனால் இதே மாதுளைக்கு வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்துகிற காலமும் உண்டு. மூன்று வயது தாண்டிய மரத்துக்கு, காய் எதுவும் இல்லாத நேரத்தில், நாலு முதல் ஆறு வாரம் தண்ணீரை நிறுத்தினால் இலைகள் மஞ்சளித்துப் பாதி உதிரும். அப்போது சுற்றிலும் லேசாகக் கொத்தி, எருவிட்டு, முதல் தண்ணீரைக் கொஞ்சமாகவும் அடுத்தடுத்து முழுதாகவும் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் ஒரே அலையாகப் பூத்துவரும். தொட்டிச் செடிக்கு ஆறு வாரம் என்பது மரண தண்டனை. இலை லேசாகத் துவண்டு வெளிறும் வரை மட்டும், சில நாளிலேயே அது வந்துவிடும்.

கொய்யாவில் நம் கையில் இருப்பது நாட்கணக்கு. பூவிலிருந்து பழத்துக்கு நாலு முதல் ஐந்து மாதம். மழைக்காலத்தில் பழுக்கும் கொய்யாவில் சுவையும் குறைவு, பழ ஈயும் அதிகம். எனவே உங்கள் மழை மாதங்களிலிருந்து ஐந்து மாதம் பின்னோக்கி எண்ணி, அந்தச் சமயத்தில் வரும் பூக்களைத் தயங்காமல் உதிர்த்துவிட்டு, அடுத்த அலையை விடுங்கள். குளிர்காலத்தில் பழுக்கும் கொய்யா கெட்டியாக, வாசனையோடு, புழுவில்லாமல் இருக்கும்.

பை ஒன்று, கட்டும் நாள் வேறு

இரண்டுக்கும் பழத்தைப் பையிட்டுக் கட்டுவதுதான் வீட்டளவில் மிகச் சிறந்த பூச்சி மேலாண்மை. ஆனால் மாதுளையில் எதிரி ஒரு பட்டாம்பூச்சி. அது பூவின் மீதும் இளம்பிஞ்சின் மீதும் முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போனபின் கட்டிய பை அதற்குப் பாதுகாப்பாகத்தான் முடியும். ஆகவே பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததுமே வெண்ணெய்த் தாள் பையோ மெல்லிய துணிப் பையோ கட்ட வேண்டும். கொய்யாவின் எதிரியான பழ ஈ முற்றத் தொடங்கிய காயைத்தான் தேடி வரும். காய் எலுமிச்சை அளவு ஆனபின் கட்டினால் போதும், அதற்குள் உதிர வேண்டிய பிஞ்சுகளும் உதிர்ந்திருக்கும். பிளாஸ்டிக் உறையானால் அடிமூலைகள் இரண்டையும் கத்தரித்து வையுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து அழுகும். பழ ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஆண் ஈக்களை மட்டுமே பிடிக்கும் என்பதால் அது மட்டும் போதாது. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் போட வேண்டும். உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறை ஈக்களை நாமே வளர்த்துக் கொடுத்தவர்களாவோம். கொய்யாவில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சிக்கு முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். எறும்பு ஏறுவதைத் தடுக்காமல் இதையெல்லாம் செய்வது வீண்.

இரண்டில் ஒன்று என்று மறுபடியும் கேட்டால், ஈரக்காற்றும் நீண்ட மழையும் உள்ள இடத்தில் கொய்யா, யோசிக்கவே வேண்டாம். வறண்ட காற்று, உப்புத் தண்ணீர், கடும் குளிர் இதில் எது இருந்தாலும் மாதுளை. வீட்டில் ஓடியாடும் சிறு குழந்தை இருந்தால் மாதுளையின் முள்ளை நடைபாதையிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டுக்குமே இடம் இருந்தால் பத்தடி இடைவெளி விட்டு, மாலை வெயில் அதிகம் விழும் பக்கம் கொய்யாவை வைக்கலாம். மேற்கு வெயிலில் மாதுளைத் தோல் வெந்து பழுப்பாகத் தடித்துவிடும்.

பறிப்பதிலும் அவசரம் ஒரு மரத்துக்கு மட்டும்தான் ஆகும். கொய்யாவைக் கரும்பச்சை வெளிறி இளம்பச்சையாகும்போதே பறித்துவிடலாம், வீட்டுக்குள் இரண்டு நாளில் பழுத்துவிடும். பிறகு நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. மாதுளை பறித்தபின் பழுக்காது, புளிப்பாகப் பறித்தால் புளிப்பாகவே இருக்கும். பூவிலிருந்து ஐந்து ஆறு மாதம் ஆகி, உருண்டையாக இருந்த பக்கங்கள் தட்டையாகி லேசாகக் கோணங்கள் தெரிய, மேலே கிரீடம் உள்பக்கமாக மூடிக்கொள்ள, விரலால் சுண்டினால் உலோகம் போல் ஒலிக்க வேண்டும். அப்போதும் முறுக்கிப் பறிக்கக் கூடாது. காம்போடு தோலும் கிழிந்து வந்துவிடும். இங்கே மட்டும் கத்தரிக்கோலை எடுங்கள், அரை அங்குலக் காம்பு விட்டு நறுக்குங்கள், அந்தக் காம்பு முளைத்திருக்கும் குட்டைச் சிம்பைத் தொடாமல்.